தனிக் குவளையின் விலை

எங்கள் அடுக்ககத்தின் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் வழக்கமாகத் தண்ணீர் லாரி, மின்தூக்கிப் பராமரிப்பு, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றுடன் முடிந்துவிடும். சென்ற மாதக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு செய்தியை உறுப்பினர் ஒருவர் எழுப்பினார். எங்கள் குடியிருப்பில் ஐந்து வீடுகளில் சமையல் வேலை பார்க்கும் பெண்மணியை, அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. கூட்டு மருத்துவ சிகிச்சை மைய வாசலில், மருந்துப் பையுடன் பார்த்ததாக அவர் தெரிவித்தார். எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கு மருந்து வழங்கப்படும் இடம் அது. "எனக்கு யார் மீதும் வெறுப்பில்லை. ஆனால், குழந்தைகள் இருக்கும் வீடுகள். நமக்கு எதற்கு விஷப்பரீட்சை?" என்றார். பலர் தலையசைத்தனர். அந்த ஐந்து வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

அந்தப் பெண்மணியின் பெயரையோ, ஊரையோ இங்கே நான் எழுதப் போவதில்லை. அவருக்குத் தொற்று உண்டா, இல்லையா என்று அவரிடம் கேட்கவும் இல்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஒரு பேச்சுக்கு, உண்டு என்றே வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கூட்டத்தில் நான் எதிர்ப்புத் தெரிவித்தபோது, ஓய்வுபெற்ற வங்கி மேலாளரான நண்பர் ஒருவர் மறித்துக் கேட்டார்: "நீங்கள் முனைவர் பட்டம் பெற்றவர். ஆபத்து அறவே இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருவீர்களா?" அது குறும்புக் கேள்வியன்று, நியாயமான கேள்வி. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்தவனுக்கு 'அறவே இல்லை' என்ற சொல்லாட்சி எளிதில் வாயில் வராது. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

எச்.ஐ.வி. மனித உடலுக்கு வெளியே பெருகும் ஆற்றல் அற்றது. நோய் எதிர்ப்பைக் காக்கும் சிடி4 வெள்ளணுக்களுக்குள் புகுந்தால்தான் அதற்கு வாழ்வு. ரத்தம், விந்து, பெண்ணுறுப்பிலும் மலக்குடலிலும் ஊறும் கசிவுகள், தாய்ப்பால் ஆகியவற்றில்தான் தொற்றை உண்டாக்கப் போதுமான அளவில் அது இருக்கிறது. அவ்வாறு இருந்தாலும் போதாது; அந்தத் திரவம் உடலின் உட்புறச் சளிச்சவ்வையோ, கிழிந்த திசுவையோ, ஊசி வழியாக ரத்த ஓட்டத்தையோ சென்றடைய வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறும் இடங்கள் மிகச் சில: ஆணுறையற்ற உடலுறவு, ஊசியைப் பகிர்தல், தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்படுதல், தாயிடமிருந்து கருவிலோ, பிறப்பின்போதோ, பாலூட்டும்போதோ குழந்தைக்குச் செல்லுதல். எச்சில், வியர்வை, கண்ணீர் வழியாக அது பரவுவதில்லை. காற்றிலும் தண்ணீரிலும் பரவுவதில்லை. உடலுக்கு வெளியே ரத்தம் உலர்ந்து போகும்போது, அதிலுள்ள தீநுண்மியின் தொற்றுந்திறனில் 90 முதல் 99 சதவீதம் வரை சில மணி நேரத்திற்குள் அழிந்துவிடுகிறது.

அன்றிரவு என் மனைவி கேட்டார்: "காய் நறுக்கும்போது விரலில் வெட்டுப்பட்டு, ஒரு சொட்டு ரத்தம் குழம்பில் விழுந்தால்?" கூட்டத்தில் யாரும் கேட்கத் துணியாத கேள்வி அது, எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வியும் அதுவே. கொதிக்கும் குழம்பின் வெப்பத்தை அந்தத் தீநுண்மி தாங்காது. சமைத்த பின் பரிமாறும்போது விழுந்தாலும், காற்று படுவதும் இரைப்பையின் அமிலமும் அதை அழித்துவிடும். தொற்றுள்ளவர் சமைத்த உணவாலோ, பரிமாறிய உணவாலோ ஒருவருக்கு எச்.ஐ.வி. வந்ததாகப் பதிவு எதுவும் இல்லை. நேர்மையாகச் சொல்வதென்றால், உணவு தொடர்பான ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: ஈறில் ரத்தக் கசிவுள்ள பெரியவர், தாம் மென்ற உணவைக் கைக்குழந்தைக்கு ஊட்டியதால் தொற்றியதாக அமெரிக்காவில் மிக அரிதாகச் சில நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. எங்கள் வீட்டுச் சமையல் அந்த வகையைச் சேர்ந்ததன்று.

கொசுவைப் பற்றியும் கேட்டார்கள். மலேரியாவையும் டெங்குவையும் பரப்பும் கொசு, இதை மட்டும் ஏன் பரப்பாது? கொசு கடிக்கும்போது நம் உடலுக்குள் செலுத்துவது தன் உமிழ்நீரை. முன்பு குடித்த ரத்தத்தை அன்று. மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை வந்தடைகிறது. எச்.ஐ.வி.க்குக் கொசுவின் உடலில் தங்குமிடமே இல்லை. குடித்த ரத்தத்துடன் அதுவும் செரித்துப் போகிறது. கொசு பரப்புமானால், சாக்கடையோரக் குடியிருப்புகளில் குழந்தைகளும் முதியவர்களும் அல்லவா கூட்டங்கூட்டமாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்? எந்த நாட்டிலும் அப்படி நிகழவில்லை.

முடிதிருத்தகப் பிளேடு குறித்த எச்சரிக்கை நல்லதே. ஆளுக்கொரு புதிய பிளேடு கேட்டுப் பெறுங்கள். ஆனால், அங்கே முதலில் அஞ்ச வேண்டியது ஹெபடைடிஸ் பி. உலர்ந்த ரத்தத்தில்கூட நாள்கணக்கில் உயிர்த்திருக்கக் கூடியது அது.

எண்களுக்கு வருவோம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம், ஒவ்வொரு தொடர்பு வகையிலும் தொற்றும் வாய்ப்பை 10,000 முறைக்கு இத்தனை என்று மதிப்பிட்டிருக்கிறது. சிகிச்சையும் ஆணுறையும் இல்லாத நிலையில், தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டால் 9,250. ஆசனவாய் வழி உறவில் ஏற்பவருக்கு 138. போதை ஊசியைப் பகிர்ந்தால் 63. மருத்துவமனையில் தவறுதலாக ஊசி குத்தினால் 23. ஆண்-பெண் உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. கடைசி எண்களைக் கண்டு யாரும் துணிச்சல் கொள்ள வேண்டாம். அவை ஒருமுறைக்கு உரியவை, வாழ்நாளில் அவை கூடிக்கொண்டே போகும். கடித்தல், துப்புதல் ஆகியவற்றின் வாய்ப்பு புறக்கணிக்கத்தக்கது என்று அந்த அட்டவணை குறிக்கிறது. டம்ளர், தட்டு, கழிப்பறை, கைகுலுக்கல் ஆகியவற்றுக்கு அதில் இடமே இல்லை.

அட்டவணையின் முதல் எண்ணுக்கு நம் மாநிலமே சாட்சி. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில், ரத்தசோகைக்காக அரசு மருத்துவமனையை நாடிய கருவுற்ற பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டு, அவரும் தொற்றுக்கு ஆளானார். தம்ளரைத் தனியே வைக்கும் சமூகம், ரத்தப்பையின் மீது வைக்க வேண்டிய கவனத்தைத் தவறவிட்டது.

ஒரே வீட்டில் வாழ்வோருக்குத் தொற்றுமா என்பதை வெறும் ஊகத்துக்கு விடவில்லை மருத்துவ உலகம். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் எய்ட்ஸ் நோயாளிகளுடன் ஒரே வீட்டில் குறைந்தது மூன்று மாதங்கள் வாழ்ந்த, அவர்களுடன் உடலுறவு இல்லாத 101 பேரை ஆராய்ந்த முடிவுகள் 1986-இல் வெளியாயின. தட்டு, குவளை, துவாலை, படுக்கை, குளியலறை எனப் பலவற்றையும் பகிர்ந்துகொண்டவர்கள் அவர்கள். சிலர் சவரக்கத்தியைக்கூடப் பகிர்ந்திருந்தனர். நூற்றொருவரில் ஒரே ஒரு குழந்தைக்குத் தொற்று இருந்தது. அதுவும் பிறப்பிலேயே தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் கண்டனர். அப்போது இந்நோய்க்கு மருந்து ஒன்றுகூட ஒப்புதல் பெற்றிருக்கவில்லை என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அதே 1986-இல்தான், சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தனர். அதாவது, நோய் இங்கே கண்டறியப்பட்ட ஆண்டிலேயே, தட்டாலும் டம்ளராலும் அது தொற்றாது என்பதற்கான சான்றும் உலகின் கையில் இருந்தது.

இன்றைய நிலை இன்னும் தெளிவானது. கூட்டு மருந்தைத் தவறாமல் உட்கொள்பவரின் ரத்தத்தில் தீநுண்மியின் அளவு, சோதனையில் தென்படாத நிலைக்குத் தாழ்ந்துவிடுகிறது. இணையரில் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள, அவர் அந்நிலையை எட்டியிருந்த தம்பதியரை ஐரோப்பாவில் 'பார்ட்னர்' என்ற ஆய்வு பின்தொடர்ந்தது. ஆணுறையின்றி ஏறத்தாழ 58,000 முறை நிகழ்ந்த உறவில், இணையரிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை என்று 2016-இல் அறிவித்தது. ஆண் இணையரை மட்டும் ஆராய்ந்த அடுத்த கட்டத்தில், ஏறத்தாழ 76,000 முறையிலும் அதே பூஜ்ஜியம் என 2019-இல் வெளியாயிற்று. உடலுறவிலேயே தொற்றாத ஒன்று சாம்பாரில் தொற்றுமா?

இங்கேதான் என் துறை குறுக்கிடுகிறது. அந்தப் பெண்மணி மீது ஐயம் எழுந்தது எதனால்? அவர் சிகிச்சை மையத்தின் வாசலில் காணப்பட்டதனால். சிகிச்சை மையத்துக்குச் செல்பவர் யார்? பரிசோதித்துக்கொண்டவர், முடிவை ஏற்றவர், மாத்திரை உட்கொள்பவர். தொற்றுள்ளோரில் பிறருக்குத் தொற்றைக் கடத்தும் வாய்ப்பு மிகக் குறைந்தவர். இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் ஏறத்தாழ 25 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குத் தமக்குத் தொற்று இருப்பதே தெரியாது. அவர் எந்த வாசலிலும் நிற்பதில்லை. யாருடைய கண்ணிலும் படுவதில்லை. ஆக, நம் அச்சம் முழுவதும் ஆபத்து குறைந்தவர் தலையில் சென்று இறங்குகிறது. ஆபத்துள்ள இடத்தை அது எட்டுவதே இல்லை.

இதைப் பொருளியலில் வரி என்பேன். எதன் மீது வரி விதிக்கிறோமோ அது குறையும் என்பது முதலாண்டு மாணவனுக்கும் தெரிந்த பாடம். புகையிலைக்கு வரி விதிப்பது அதனால்தான். மருத்துவமனை வாசலில் பார்த்ததற்காக ஒருவரின் வேலையைப் பறிக்கும்போது, நாம் பரிசோதனைக்கு வரி விதிக்கிறோம். அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு பெண்மணி இதைக் கேள்விப்படுவார். 'நம்பிக்கை மையம்' பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். அரசு இலவசமாகப் பரிசோதிக்கிறது. 2004 முதல் இலவசமாக மருந்து தருகிறது. அந்த இலவசத்தின் மீது நாம் விதிக்கும் வரி, ஒரு குடும்பத்தின் மாத வருமானம். பரிசோதனைக்கு வராதவருக்குச் சிகிச்சை இல்லை. சிகிச்சை இல்லாதவரிடமிருந்துதான் நோய் பரவுகிறது. எச்சரிக்கை என்று எண்ணி நாம் செய்வது நோயின் பக்கம் நின்று செய்யும் வேலையாகிவிடுகிறது. கருவுற்ற பெண்களைப் பொறுத்தவரை இந்த வரி இன்னும் கொடியது. சிகிச்சை இல்லாவிடில், 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகள் வரை தாயிடமிருந்து தொற்றைப் பெறக்கூடும். தாய்க்கும் சேய்க்கும் உரிய காலத்தில் மருந்து கிடைத்தால், அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும்.

இத்தனை தெரிந்தும் ஏன் அச்சம் விலகுவதில்லை? 2000-களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெல்லாம் கேட்டது தமிழகம். வருவது எப்படி என்பதை அந்த விளம்பரம் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அதன் பயனைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால், தொற்று என்றாலே புள்ளிராஜா போன்ற ஒருவர் என்ற படமும் அதனுடன் சேர்ந்தே பதிந்துவிட்டது. கணவனிடமிருந்து பெற்ற மனைவியும், தாயிடமிருந்து பெற்ற குழந்தையும், மருத்துவமனையில் பெற்றவரும் அந்தப் படத்துக்குள் அடைக்கப்பட்டனர்.

அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் 1994-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என் நினைவுக்கு வருகிறது. எய்ட்ஸ் நோயாளி அணிந்த கம்பளிச் சட்டையை, துவைத்த பிறகும் அணியப் பலர் தயங்கினர். தொற்றும் என்ற அச்சம் அதில் ஒரு பகுதி மட்டுமே. அந்நியர் என்ற விலக்கம், ஒழுக்கக் குறைவு ஒட்டிக்கொள்ளும் என்ற எண்ணம், பிறர் துரதிருஷ்டம் நமக்கும் வந்துவிடும் என்ற கலக்கம் ஆகியவையும் கலந்திருந்தன. இதைப் புரிந்துகொள்ள நமக்கு ரோசின்கூடத் தேவையில்லை. 'தீட்டு' என்ற ஒரு சொல் போதும். தேநீர்க் கடையில் ஒரு சாராருக்குத் தனிக் குவளை வைத்த ஊர்கள் நம்முடையவை. அந்தக் குவளையை எந்த நுண்ணோக்கியும் பரிந்துரைக்கவில்லை. சாதிக்கென்று வைத்திருந்த அலமாரியில் இப்போது நோய்க்கென்று ஒரு குவளையைச் சேர்த்திருக்கிறோம். அறிவியலின் பெயரை அதன் மீது ஒட்டியிருக்கிறோம். 2003-இல், கேரளத்தில் பள்ளியில் சேர்க்க மறுக்கப்பட்ட எச்.ஐ.வி. தொற்றுள்ள இரு குழந்தைகளை அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் கட்டியணைத்தார். அறிவியல் கட்டுரைகளால் சொல்ல முடியாத ஒன்றை அந்த ஒரு நொடி சொல்லிற்று. பெற்றோர்கள் அறியாமையால் மறுத்தார்கள் என்று நான் நம்பவில்லை. கேரளம் எழுத்தறிவில் யாருக்கும் பின்தங்கியதன்று.

நான்கூட எழுத்தறிவில் பின்தங்கியவனல்லன். 1998-இல், நான் பணியாற்றிய கல்லூரியில் விடுதிக் காப்பாளர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. சமையற்கூடத்தில் பாத்திரம் துலக்கும் பணியாளர் ஒருவருக்குத் தொற்று இருப்பதாக, எப்படியோ செய்தி கசிந்தது. மாணவர்கள் இரண்டு வேளை சாப்பிட மறுத்தனர். உணவால் தொற்றாது என்று எனக்குத் தெரியும், படித்திருந்தேன். ஆனாலும், அவரைப் பணியிலிருந்து விடுவிக்கும் தாளில் கையெழுத்திட்டேன். மூன்று மாத ஊதியத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, அதைக் கருணை என்று எனக்கு நானே பெயரிட்டுக்கொண்டேன். "தோட்ட வேலையாவது குடுங்கய்யா" என்று அவர் கேட்டார். நிர்வாகத்திடம் பேசுகிறேன் என்றேன், பேசவில்லை. அதன்பின் அவரைப் பற்றி விசாரிக்கவும் இல்லை. உடல்தகுதியுள்ள, பிறருக்கு ஆபத்து விளைவிக்காத ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றைக் காரணம் காட்டி வேலை மறுக்கக்கூடாது என்று மும்பை உயர்நீதிமன்றம் ஒரு தொழிலாளியின் வழக்கில் தீர்ப்பளித்தது 1997-இல். நான் கையெழுத்திட்டது அதற்கு அடுத்த ஆண்டு.

இப்போது தீர்ப்போடு சட்டமும் இருக்கிறது. 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றைக் காரணமாகக் கொண்டு வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றை மறுப்பதைத் தடை செய்கிறது. தொற்றுள்ளவருடன் ஒரே வீட்டில் வசிப்பவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. வேலையிலிருந்து நீக்க வேண்டுமெனில், அவரால் பிறருக்குத் தொற்றும் ஆபத்து கணிசமானது என்று சார்பற்ற மருத்துவர் எழுத்து வடிவில் மதிப்பிட்டிருக்க வேண்டும். தொற்றுள்ளோருக்கு எதிராக வெறுப்புப் பரப்புரை செய்பவருக்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் எழுதுவோர் இதைக் கவனத்தில் கொள்வது நலம்.

சட்டம் நல்ல சட்டம்தான். 100 பேரோ, அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனத்தில் புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது அது. வீட்டுச் சமையலறையில் பணியாற்றுபவர் ஒருவர்; அவருக்கு நியமன ஆணையும் இல்லை, நீக்க ஆணையும் இல்லை. "அடுத்த மாதத்திலிருந்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம்மா" என்று சொன்னால் முடிந்தது. எந்த நீதிமன்றத்தில் எதைக் காட்டி அவர் முறையிடுவார்? அந்த இடைவெளியில் வேலைக்கு அமர்த்துபவரின் அறிவை நம்பித்தான் அவர் வாழ வேண்டியிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, வங்கி மேலாளர் நண்பரிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். உறவில் அல்லது ரத்தத்தில் 'அறவே இல்லை' என்று பொதுவாக எழுத மாட்டேன். ஒரு வீட்டில் சமைப்பதால், பரிமாறுவதால், பாத்திரம் துலக்குவதால், குழந்தையைத் தூக்குவதால் எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து அறவே இல்லை என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட்டிருந்தேன். அவர் இருமுறை படித்தார். "குழந்தைக்கு நகம் பட்டுக் கீறினால்?" என்றார். கீறலால் தொற்றாது, அவர் கையில் ரத்தம் வழிந்து, அது குழந்தையின் திறந்த காயத்தில் நேரே கலந்தால் மட்டுமே யோசிக்க வேண்டும், அப்போதும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள்கள் உட்கொள்ளும் தடுப்பு மருந்து அரசு மருத்துவமனையில் உண்டு என்றேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் அந்தப் பெண்மணிதான் சமைக்கிறார், இன்றும் சமைக்கிறார்.

ஐந்தில் இரண்டு வீடுகள் அவரை நிறுத்திவிட்டன. ஒரு வீட்டில் மருமகள் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் காரணமே சொல்லவில்லை. மாதம் 7,000 ரூபாய் அவருக்குக் குறைந்திருக்கிறது. எங்கள் வீட்டில் எதுவும் மாறவில்லை. மாதத்தில் ஒருநாள் காலையில், ரேஷன் கடைக்குப் போக வேண்டும், வரத் தாமதமாகும் என்பார். நானோ, என் மனைவியோ எந்தக் கடை என்று கேட்பதில்லை. அன்று காலைச் சமையல் எங்களுடையது.